பத்து அரை ஆயுள் முடிந்துவிட்டது, பையைக் குப்பையில் போடலாமா?

ஆய்வகத்தில் கதிரியக்கக் கழிவு அறை என் பொறுப்பு. கழிவைப் பையில் மூடி, கதிரியக்கம் தணியும்வரை அங்கே வைத்திருப்போம். அது பாதியாகக் குறைய ஆகும் காலம்தான் அரை ஆயுள். புதிதாக வருகிற மாணவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே என்னிடம் கேட்பது இதுதான்: "பத்து அரை ஆயுள் தாண்டியாச்சே, இனி போட்டுடலாம்ல?"

கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் போட விடமாட்டேன். பத்து அரை ஆயுள் போனால் மிஞ்சுவது 1024-இல் ஒரு பங்கு. அது எவ்வளவு என்பது பையை மூடிய அன்று உள்ளே இருந்ததைப் பொறுத்தது. 0.4 மெகா பெக்கரலோடு (பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணுச் சிதைவு, மெகா என்றால் பத்து லட்சம்) மூடிய பையில் 400 பெக்கரலுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். 40 மெகா பெக்கரலோடு மூடியதில் அதைப் போல நூறு மடங்கு. இரண்டுக்கும் ஒரே தேதி எழுதி ஒன்றாக அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது.

இதைவிடப் பெரிய தொல்லை கலப்பு. பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுள் 14.3 நாள், ஐந்து மாதத்துக்குள் பத்து சுற்று முடிந்துவிடும். அந்தப் பைக்குள் கந்தகம்-35 பட்ட பைப்பெட் முனை ஒன்று விழுந்தால் போதும், அதன் அரை ஆயுளான 87 நாள் கணக்கு வந்து, பை முழுவதும் இரண்டாண்டுக்கு மேல் அறையில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். டிரிட்டியமோ (ஹைட்ரஜன்-3) கார்பன்-14ஓ விழுந்தால் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை, ஒன்றுக்கு 12.3 ஆண்டு, மற்றதற்கு 5700 ஆண்டு. அதனால்தான் ஒவ்வொரு ஐசோடோப்புக்கும் தனிப் பெட்டி என்று விடாமல் சொல்கிறேன். மூடிய தேதி, ஐசோடோப்பு, அளவு, மூடியவர் பெயர் நான்கும் இல்லாத பையை நான் வாங்குவதே இல்லை.

அளக்கும்போது பையைக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, மற்ற பைகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். முதலில் வெறும் இடத்தின் பின்னணி அளவை, அதாவது பை இல்லாமலே மீட்டர் காட்டும் அளவை, குறித்துக்கொண்டு, மீட்டரை மிக நுண்ணிய அளவுகோலில் வைத்து, எல்லாப் பக்கமும் மெதுவாக நகர்த்துங்கள். பாஸ்பரஸ்-32க்குக் கைகர் கவுன்டர் நன்றாகவே காட்டும். கந்தகம்-35 அப்படியில்லை, அதன் பீட்டா துகள் பையைத் தாண்டி வருவதே அரிது. முள் அசையவில்லை என்றதும் நிம்மதியடைந்துவிடாதீர்கள். துடைத்தெடுத்து, திரவ சிண்டிலேஷன் கவுன்டரில் (கதிர் பட்டால் ஒளிரும் திரவத்தில் மாதிரியைப் போட்டு எண்ணும் கருவி) போட்டுப் பார்க்க வேண்டும். அயோடின்-125க்கு மெல்லிய சோடியம் அயோடைடு படிகம் வைத்த கருவி வேண்டும். (அயோடின் கழிவில் ப்ளீச் ஊற்றவே கூடாது. ஆவியாகி மூச்சில் ஏறும்.)

மருத்துவமனைக் கழிவில் லுட்டீசியம்-177 ஒரு நல்ல பாடம். அரை ஆயுள் 6.65 நாள்தான். ஆனால் சில முறைகளில் தயாரித்ததில் 160 நாள் அரை ஆயுள் கொண்ட லுட்டீசியம்-177எம் சிறிதளவு கலந்திருக்கும். கணக்குப்படி பை எப்போதோ வெளியே போயிருக்கும். மீட்டர்தான் பிடித்துக் கொடுக்கும்.

பின்னணியோடு அளவு ஒத்துப்போனதும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கதிரியக்க எச்சரிக்கையான மூவிதழ்ச் சின்னம் உள்ள ஒவ்வொரு லேபிளையும் கிழித்தோ கறுப்பு மையால் அழித்தோ விடுங்கள். குப்பை அள்ளும் தொழிலாளி அந்த மஞ்சள் சின்னத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். அதைவிட முக்கியம், வெற்றுப் பையில் அதைப் பார்த்துப் பழகியவர் உண்மையான ஒன்றையும் அலட்சியமாகத் தூக்கிவிடக் கூடாது.

கதிரியக்கம் போனாலும் ஊசி ஊசிதான், டொலுயீன் கலந்த சிண்டிலேஷன் திரவம் எரியும் ரசாயனம்தான், ஈயக் குப்பி ஈயம்தான். இவை மூன்றும் சாதாரணக் குப்பைக்குப் போகாது. அவற்றுக்கான பெட்டிகள் அறை வாசலிலேயே இருக்கின்றன.