அப்பாவின் கண்ணுக்கு மாத்திரை தேடியபோது

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் செம்பனைக் குலை வெட்டியவர் என் அப்பா. போன வருடம் ஒரு காலையில், "வாசல் நிலை ஏன்டா வளைஞ்சிருக்கு?" என்று கேட்டார். நிலை நேராகத்தான் இருந்தது.

மருத்துவமனையில் சோதித்துப் பார்த்தார்கள். வயதால் வரும் விழித்திரை நடுப்பகுதிச் சிதைவாம். நடுத்தரக் கட்டம், இரத்தக்குழாய்க் கசிவு இல்லை. 'ஏரெட்ஸ் 2' என்ற, கண்ணுக்கான வைட்டமின், தாதுக் கலவை மாத்திரை சாப்பிடச் சொன்னார் டாக்டர். நான் அதை எழுதிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

அந்த வாரமே தெரிந்த அக்கா ஒருவர் போத்தலோடு வந்தார். செம்பனையிலிருந்து எடுத்த இயற்கைக் கரோட்டினாம், கண்ணுக்கு ரொம்ப நல்லதாம். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். உதிரிப்பழம் பொறுக்கிய கையில் ஒட்டிய அதே சிவப்பு! உண்மைதான், ஆலையில் பிழிந்த எண்ணெய் சிவப்பாக இருப்பது கரோட்டினால். சுத்திகரிப்பில் அது போய்விடுவதால்தான் கடை எண்ணெய் வெளுத்திருக்கிறது.

அப்பா இரண்டு நாள் சாப்பிட்ட பிறகுதான் போத்தலின் பொடி எழுத்தைப் படித்தேன்: பீட்டா கரோட்டின். எதற்கும் கேட்டுவிடலாம் என்று மருந்தகத்துக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த மருந்தாளர் பெண் கேட்ட முதல் கேள்வி, "அங்கிள் சிகரெட் பிடிப்பாரா?"

நாற்பது வருடப் பழக்கம், விட்டு இரண்டு வருடம் என்றேன். போத்தலைத் தள்ளி வைத்துவிட்டார்.

இரவு உட்கார்ந்து படித்தேன். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 1994இல் வெளிவந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. 2013இல் வந்த ஏரெட்ஸ் 2 ஆய்வில், புகையை விட்டவர்களுக்கும் ஆபத்து இருப்பது தெரிந்தது. அதனால்தான் பழைய கலவையில் இருந்த பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு, 10 மில்லிகிராம் லூட்டின், 2 மில்லிகிராம் ஸியாசாந்தின் என்ற வேறு இரண்டு நிறமிகளைச் சேர்க்கச் சொல்கிறார்கள். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரட், பூசணி சாப்பிடத் தடையில்லை. செறிவாக்கித் தினமும் விழுங்குவதுதான் சிக்கல்.

மறுநாள் சரியான கலவையை வாங்கினோம். சுகாதார அமைச்சின் எம்ஏஎல் பதிவு எண்ணையும் ஹோலோகிராம் ஒட்டியையும் அந்தப் பெண்ணே காட்டித் தந்தார். வெறும் வயிற்றில் போட்டதில் அப்பாவுக்குக் குமட்டல். அதிலுள்ள துத்தநாகம் அப்படிச் செய்யுமாம். இப்போது சோற்றுக்குப் பிறகுதான். போன பார்வை இதில் திரும்பாது, மேலும் மோசமாவதை மெதுவாக்கலாம், அவ்வளவுதான்.

தினமும் தேத்தண்ணி குடித்ததும், ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கும் கட்டத்தாளை ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். கோடு புதிதாக வளைந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நேற்றும் இடது கண்ணில் இரண்டு கோடு வளைந்துதான் தெரிந்தது. அதே பழைய இரண்டு.