டேசியஸ் காலத்துச் சான்றிதழ்

கி.பி. 249இன் கடைசியில் ரோமப் பேரரசர் டேசியஸ் ஒரு கட்டளை போட்டார்: குடிமக்கள் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும். கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லும் வாசகம் அதில் தேவைப்படவே இல்லை. பலியிடும் செயலே மறுதலிப்பாகிவிடும்; அதுதான் அதன் கொடூரம்.

அதிகாரிகள் முன் நின்று திராட்சரசம் வார்க்க வேண்டும், பலியிட வேண்டும், படைத்த இறைச்சியை வாயில் வைக்க வேண்டும். பிறகு பெயர், ஊர் எழுதிய மனுவில் சாட்சிகள் கையெழுத்திடுவார்கள்; அதுவே பலியிட்டதற்கான சான்றிதழ். எகிப்தின் மணலில் இப்படிப்பட்ட பாப்பிரஸ் சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் 250 ஜூன், ஜூலை மாதத்தவை.

ரோமின் ஆயர் ஃபேபியன் அந்த ஜனவரியிலேயே உயிர்விட்டார். முதிய கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் சிறையில் வதைபட்டார். ஆனால் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜில் கிறிஸ்தவர்கள் பலர் அழைக்கும் முன்பே ஓடிப்போய்ப் பலியிட்டார்கள்! நீண்டகாலச் சமாதானத்தில் சபை தளர்ந்துபோயிருந்தது என்று ஆயர் சிப்ரியான் வேதனையோடு எழுதினார். இன்னும் சிலர் பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். "நான் எதையும் செய்யவில்லையே" என்ற சாக்கு என் பார்வையில் மிகவும் ஆபத்தானது. கையில் இருந்த சீட்டு பலியிட்டதாகத்தானே சாட்சி சொன்னது?

பிறகு இன்னொரு குழப்பம். சிறையில் உறுதியாய் நின்றவர்கள், பலியிட்டோ சீட்டு வாங்கியோ விழுந்தவர்களைச் சபையில் மீண்டும் சேர்க்கும்படி பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்கள். "இவரும் இவருடையவர்களும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியதால் யார் யாரோ உள்ளே வந்தார்கள். 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் சங்கம் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தது. சீட்டு மட்டும் வாங்கியவர் மனந்திரும்பினால் ஏற்கப்படலாம்; பலியிட்டவருக்கு மரணப்படுக்கையில்தான் ஒப்புரவு, அதாவது சபையோடு மீண்டும் சேர்தல். அடுத்த உபத்திரவம் நெருங்கியபோது, தொடர்ந்து மனந்திரும்பி நின்றவர்களுக்கு அந்தத் தடையையும் நீக்கினார்கள். ஒப்புரவு இல்லாமல், நிராயுதபாணிகளாய் அவர்களை உபத்திரவம் என்னும் போருக்கு அனுப்பச் சிப்ரியானுக்கு மனம் வரவில்லை.