செல்லம்மாவுக்கு ஒரு ஃபுல் குவார்ட்டர் பார்

எங்கள் அத்தான் குதிரை வாங்கினார். திருகோணமலைக்குக் கிட்ட, அலஸ்தோட்டத்தில் ஐந்து அறை உள்ள கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற மனுசனுக்குக் குதிரை எதற்கு என்று கேட்டால், ஏப்ரல் தொடங்கிச் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர் வருகிற காலத்தில் உப்புவெளிக் கடற்கரையில் சவாரி விடலாம், ஒரே சீசனில் போட்ட காசு திரும்பிவிடும் என்றார். இதே கணக்கை அவர் காடை வளர்த்தபோதும் சொன்னார். காடை எல்லாவற்றையும் நாங்களே தின்று முடித்தோம்.

அத்தானுக்கு முழங்கால் வருத்தம், ஏறமாட்டார். வீட்டில் நிறை குறைந்த ஆம்பிளை நான். இப்படித்தான் நான் குதிரைக்காரன் ஆனேன்.

தெற்குப் பக்கம் சவாரி நடத்திக் கைவிட்ட ஒருவரிடமிருந்து லொறியில் வந்தாள் செல்லம்மா. ஹபரணை தாண்டி, கந்தளாய் வழியாக, விடியப்புறம் நாலு மணிக்கு வந்து இறங்கியபோது அந்த இருட்டில் எனக்கு முதலில் தெரிந்தது அகலம்தான். உயரம் பெரிதாக இல்லை, ஆனால் பின்னால் நின்று பார்த்தால் பலாப்பழத்துக்கு நாலு கால் முளைத்த மாதிரி. முதுகு அப்படியே தட்டை. ஆறு கோப்பை தேத்தண்ணியைத் தட்டத்தோடு மேலே வைத்துவிட்டு நடத்திக்கொண்டு போகலாம், ஒரு சொட்டுச் சிந்தாது.

குதிரைக்குக் கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில், இரண்டு தோளுக்கும் நடுவே ஒரு மேடு இருக்கும். விதர்ஸ் என்பார்கள். குதிரையின் உயரத்தையே அந்த மேடு வரைக்கும்தான் அளப்பது. நுவரெலியாவில் ஏப்ரலில் ஓடுகிற பந்தயக் குதிரைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மேடு கூரை முகடு மாதிரி எழும்பி நிற்கும். சேணம் இடம் வலமாகச் சரியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு பெரிய உதவி. செல்லம்மாவுக்கு அந்த மேட்டைக் கையால் தடவித் தேடவேண்டும். தேடினாலும் சில நாள் கிடைக்காது.

சேணம் இல்லாமல்தான் வந்தாள். அத்தான் உடனே கல்கரியில் இருக்கும் என் சித்தப்பாவின் மகனுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தார். கல்கரி என்றால் 1912 இல் தொடங்கிய ஸ்டாம்பீட் என்ற மாட்டுக்காரத் திருவிழாவுக்குப் பேர்போன ஊர். தம்பி அங்கே கணக்காளராக இருக்கிறான், மாட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தானோ தெரியாது, ஆனால் தொப்பி வைத்திருக்கிறான். "அண்ணா, வெஸ்டர்ன் சேணம்தான் உங்களுக்குச் சரி. முன்னால கொம்பு இருக்கும், பழக்கம் இல்லாத ஆக்கள் பிடிச்சுக்கொண்டிருக்கலாம்" என்றான். உண்மையில் அந்தக் கொம்பு சுருக்குப்போட்டுப் பிடித்த மாட்டின் கயிற்றைச் சுற்றுவதற்காம். மாடு பிடிக்கிற எண்ணம் எங்களுக்கு இல்லை என்பதால் நாங்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கார்கோ பெட்டியில், பால்மா டின்னுக்கும் சவர்க்காரக் கட்டிக்கும் நடுவே, சேணம் வந்து சேர்ந்தது. பூ வேலை செய்த மண்ணிறத் தோல். குதிரை மணத்துக்குப் பதிலாக ஒரு வாரம் சவர்க்காரம் மணத்தது. அத்தான் அதை வரவேற்பறையில் வைத்து விளக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிழை செய்தது அதைக் குதிரைமேல் வைத்ததுதான்.

முதல் நாள் காலமை கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இடது காலை வளையத்துக்குள் வைத்து, கொம்பைப் பிடித்து, சினிமாவில் ஏறுகிற மாதிரி ஒரு எம்பு எம்பினேன். நான் மேலே போகவில்லை, சேணம் என் பக்கமாகக் கீழே வந்தது. மெதுவாக வந்தது, அதுதான் கொடுமை. எண்ணெய் பூசிய பீப்பாயில் கதிரையைக் கட்டி ஏறினால் எப்படி இருக்கும், அப்படி உருண்டு செல்லம்மாவின் வயிற்றுக்குக் கீழே போய் நின்றது. ஒரு கால் இன்னும் வளையத்துக்குள், முதுகு ஈர மணலில், கண்ணுக்கு நேரே குதிரை வயிறு. வலை இழுக்கிறவர்கள் பாடுகிற அம்பாப் பாட்டு அரைவாசியில் நின்றுவிட்டது. செல்லம்மா நல்லவள், ஓடவில்லை, அசையாமல் நின்று நான் காலை எடுத்து வெளியே ஊர்ந்து வரும்வரைக்கும் பொறுத்திருந்தாள். அப்புறம் முன்னங்காலால் மணலைக் கிளறத் தொடங்கினாள்.

"குதிரை கீழ தள்ளினதும் இல்லாமல் குழியும் பறிச்சுதாம் எண்டு சொல்லுவினம். இண்டைக்குத்தான் கண்ணால பாத்தன்" என்றார் வலைக்காரப் பெரியவர் ஒருவர். எல்லோரும் சிரித்து முடிக்கும்வரைக்கும் வலை இழுபடவில்லை. அன்றைக்கு மீன் குறைந்ததற்கும் என்னைத்தான் சொல்லியிருப்பார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? வயிற்றுவாரை இன்னும் இறுக்கிக் கட்டினோம். அத்தான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், செல்லம்மா மூச்சை இழுத்து வயிற்றை ஊதிக்கொண்டு நடுவில். கட்டி முடிந்ததும் அவள் மூச்சை விட, வார் தொங்கியது. நடக்க விட்டு மறுபடி இறுக்கினோம். அதுவும் சரிவரவில்லை என்றதும் கீழே தடிப்பாக ஏதும் போடலாம் என்று கெஸ்ட் ஹவுஸ் கம்பளி இரண்டு, அதற்கு மேலே ஒரு பழைய மெத்தைத் துண்டு. இப்போது சேணம் இன்னும் உயரத்தில் ஏறி நின்று, கலியாண வீட்டுக் கேக்கின் மேல்தட்டு மாதிரி ஆடியது.

அக்கா துணி காயப்போட வந்தவ, ஒரு நிமிசம் நின்று பார்த்தா. "பிளவுஸ் இறுக்கம் எண்டு உள்ளுக்கு இன்னொரு பிளவுஸ் போடுற ஆக்களை நான் இதுவரைக்கும் காணேல்ல" என்றா. அக்கா இருபது வருசமாகத் தையல்காரி. அப்போதே அவவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தம்பியிடம் கேட்டோம். அவன் இதற்கிடையில் அங்கே யாரோ குதிரைக்காரரோடு கதைத்து விசயம் பிடித்திருந்தான். "சவாரி முடிஞ்சு சேணத்தைக் கழட்டினவுடன வேர்வையைப் பாருங்கோ அண்ணா" என்றான். திருகோணமலை வெயிலில், கச்சான் காற்று வீசுகிற நாளில், வேர்வைக்கா பஞ்சம்? செல்லம்மாவின் முதுகு முழுக்க ஊறிக் கிடந்தது, தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு இரண்டு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. நான் நல்லதென்று நினைத்தேன். நல்லதில்லையாம். அந்த இடத்தில் சேணம் அவ்வளவு அழுத்தியதில் வேர்வையே வரவில்லை. அப்படியே விட்டால் நாள்போக்கில் அந்த இடத்து மயிர் வெள்ளையாக முளைக்கும். நான் விழுந்த கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தோமே தவிர, அவளுக்கு நோகிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

வெஸ்டர்ன் சேணத்துக்கு உள்ளே ஒரு சட்டம் இருக்கிறது, ட்ரீ என்று பெயர். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் நீளமாகக் கிடந்து பாரத்தைத் தாங்குகிற இரண்டு பலகைகள்தான் அதில் முக்கியம். அதற்குப் பெயர் பார். அமெரிக்காவில் கால் மைல் ஓட்டத்துக்குப் பேர்போன குதிரை இனம் குவார்ட்டர் ஹோர்ஸ், அதை வைத்து அளவு சொல்லுகிறார்கள். ஒடுக்கமானது செமி குவார்ட்டர், அகலமானது ஃபுல் குவார்ட்டர். எங்களுக்கு வந்தது செமி. இதை நான் முன்வாசலில் இருந்து போனில் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தேன். "செமி குவார்ட்டர் பார் காணாது தம்பி. ஃபுல் குவார்ட்டர் பார்தான் வேணும். ஓம், ஃபுல். காசைப் பற்றி யோசிக்காதை, அத்தான் தருவார்."

உள்ளே அம்மாவின் கையில் இருந்த அகப்பை விழுந்த சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை முழுதும் எழுத ஏலாது. அம்மா பத்திரகாளி அம்மன் கோவிலில் நேர்த்தி வைத்தது, அத்தானோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தது, கல்கரித் தம்பியையும் கெடுத்துவிட்டேன் என்று சித்திக்குப் போன் போட்டு அழுதது. குதிரையின் முதுகைப் பற்றித்தான் கதைத்தேன் என்று நான் சொல்லச் சொல்ல, "வெறியில குதிரை எண்டும் சொல்லுவாய், யானை எண்டும் சொல்லுவாய்" என்றா.

கடைசியில் அக்காதான் விசயத்தைக் கையில் எடுத்தா. செல்லம்மாவின் தோளைத் தடவி, "இஞ்ச பார், ரெண்டு பொம்பிளையளுக்கு தோள் அகலம் ஒண்டாய் இருக்கும், ஆனால் ஒருத்திக்கு தோள் சரிவு, மற்றவளுக்கு நேர்த் தோள். ஒரே வெட்டில தைச்சால் ஒருத்திக்கு வழுகும், மற்றவளுக்கு வெட்டும். இவளுக்கு நேர்த் தோள்" என்றா. தம்பி கேட்ட அந்தக் குதிரைக்காரர் அரைமணி நேரம் விளக்கியதும் இதைத்தானாம். சேணத்தின் முன்வளைவு ஏழு அங்குலம் என்று எழுதியிருந்தாலும் ஒருவர் வெறும் சட்டத்தில் அளப்பார், ஒருவர் மேலே தோலும் ஆட்டுமயிரும் போட்ட பிறகு அளப்பார், எங்கிருந்து எங்கே என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். அந்த இலக்கத்தை நம்பி வாங்கக்கூடாது. பலகை எவ்வளவு சரிவாக நிற்கிறது என்பதுதான் பெரிய விசயம். மேடு இல்லாத தட்டை முதுகுக்குப் பலகையும் தட்டையாகப் படுக்கவேண்டும், செங்குத்தாக நின்றால் விளிம்பு மட்டும் முதுகில் குத்தும்.

அப்போ அளவெடு என்றான் தம்பி. ஹார்ட்வெயார் கடையில் மொத்தமான அலுமினியக் கம்பி வாங்கினோம். செல்லம்மாவைச் சமதரையில் நிறுத்தி, தோள்பட்டை எலும்புக்கு இரண்டு அங்குலம் பின்னால் கம்பியைக் குறுக்கே வைத்து, முதுகோடு முதுகாக அமத்தி, வளைவு குலையாமல் தூக்கி, பிஸ்கட் பெட்டி அட்டையில் வைத்துக் கோடு கீறினோம். முதுகின் பள்ளமான இடத்தில் ஒன்று. முதுகெலும்புக்குப் பக்கத்தால் நீளவாக்கில் இன்னொன்று. அக்கா கத்தரிக்கோலால் வெட்டித் தந்தா, மூலையில் பெயரும் எழுதி: செல்லம்மா, முன்பக்கம். அவவின் வாடிக்கையாளர் கொப்பியில் இப்போது அந்தப் பெயரும் இருக்கிறது.

அட்டைகளைத் தபாலில் போடத்தான் நான் டவுனுக்குப் போனேன். வழியில் கோட்டை வாசலுக்குக் கிட்ட மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு பிளேன்ரீ. திருகோணமலைக்காரருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் டவுனில் புள்ளிமான் தெருவில் நிற்கும், கடுதாசி, சோற்றுப் பார்சல், அட்டை எதையும் விடாது. நான் திரும்பி வந்தபோது ஒரு கொம்பன் மான் செல்லம்மாவின் முன்பக்கத்தை மென்றுகொண்டிருந்தது. நான் இழுத்தேன், அதுவும் இழுத்தது. கோணேசர் கோவிலுக்கு வந்த ஒரு பஸ் ஆட்கள் நின்று வீடியோ எடுத்தார்கள். எனக்கு மிஞ்சியது "செல்ல" என்ற துண்டு மட்டும்.

மறுபடி கம்பி, மறுபடி அட்டை. இந்த முறை இரண்டு பிரதி.

தம்பி அந்த அட்டைகளைக் காரில் போட்டுக்கொண்டு நாலு சனிக்கிழமை பழைய சேணம் விற்கிற கடை கடையாகத் திரிந்தான். சேணத்தைக் கவிழ்த்து அட்டையை உள்ளே வைத்துப் பார்க்கவேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் ஒடுக்கம், விளிம்புகளில் தெரிந்தால் அகலம். ஏழு அங்குலம் என்று எழுதியிருந்த ஒன்றில் அட்டை பாதிக்கு மேல் போகவே இல்லை. அதே ஏழு அங்குலம் எழுதியிருந்த இன்னொன்றில், ஐந்தாவது கடையில், அளந்து தைத்த மாதிரிப் போய் உட்கார்ந்தது. பழைய சேணம், பூ வேலை ஒன்றும் இல்லை, ஓரம் தேய்ந்திருந்தது. அத்தான் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். விலையைக் கேட்டு இன்னும் சுளித்தார். அக்காவிடம் பாதிதான் சொன்னார்.

கொண்டுவந்தது சித்தி, அம்மாவைச் சமாதானப்படுத்தவென்று புறப்பட்டு வந்தவ. விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ. சேணம் மட்டும் 16. "குதிரைக்காக என்ர சீலையளை விட்டிட்டு வந்தனான்" என்பதை அவ நின்ற மூன்று கிழமையும் தினம் ஒரு தரமாவது கேட்டோம். கட்டுநாயக்காவில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, "குதிரை எங்கே அம்மா?" என்று கேட்டாராம். "அது திருகோணமலையில நிக்குது, உடுப்புத்தான் நான் கொண்டு வாறன்" என்றாவாம் சித்தி.

முதலில் கீழே ஒன்றும் போடாமல் வெறும் முதுகில் வைத்தோம். கொஞ்சம் முன்னுக்கு வைத்து, மயிர் படுகிற பக்கமாகப் பின்னால் வழுக்கி விட, தோளுக்குப் பின்னால் தானாக ஓரிடத்தில் போய் நின்றது. அக்கா பலகைக்குக் கீழே கையை விட்டு முன்னிருந்து பின்வரை தடவிப் பார்த்து, "ம்" என்றா. அந்த ம்முக்கு அவவின் வாடிக்கையாளர்கள் காசு கொடுக்கிறார்கள். மெல்லிய கம்பளி ஒன்று மட்டும் போட்டு, வாரை அளவாகக் கட்டி, இந்த முறை நான் சோடாப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் நின்று ஏறினேன். இப்படி முதுகுள்ள குதிரைக்குத் தரையிலிருந்து தொங்கி ஏறினால் நல்ல சேணமும் கொஞ்சம் இழுபடத்தான் செய்யும். கரைவலைக்காரர்கள் வேலையை விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஏமாற்றத்தோடு வலையை இழுக்கப் போனார்கள்.

திரும்பி வந்து கழற்றிப் பார்த்தால் வேர்வை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, நடுவில் முதுகெலும்பு மட்டும் வரம்பு கட்டின மாதிரிக் காய்ந்து கிடந்தது. நானும் அத்தானும் அந்த ஈர முதுகைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றோம். சீசன் முடிய இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

பூ வேலை செய்த பழைய சேணம் இப்போது முன்மதிலில் கிடக்கிறது, வருகிற பிள்ளைகள் ஏறியிருந்து படம் எடுக்கிறார்கள். அம்மா நேர்த்தியை நிறைவேற்றிவிட்டா. அன்றைக்குக் கோவில் வீதியில் நாலு பேர் கேட்க, பக்கத்து வீட்டு மாமியிடம், "இனிப் பிரச்சினை இல்லை, பெடியனுக்கு ஃபுல் குவார்ட்டர் பார் கிடைச்சிட்டுது" என்று சொன்னா. மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, விபூதியை எடுத்து என் நெற்றியில் கொஞ்சம் கூடவே பூசிவிட்டா.