முதல் உமிழ்வுக் கணக்கும் அதன்பின் வந்த சண்டையும்

எங்கள் நிறுவனத்தின் முதல் நிலைத்தன்மை அறிக்கை, அதாவது சுற்றுச்சூழலை நாம் எப்படிப் பாதிக்கிறோம் என்று கணக்குக் காட்டும் அறிக்கை, என் தலையில் விழுந்தது. கையில் இருந்த வழிகாட்டி 2001-இல் வெளியான பசுமை இல்ல வாயு நெறிமுறை. நிறுவனத்தால் காற்றில் சேரும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களை, அதாவது உமிழ்வை, அது மூன்றாகப் பிரிக்கிறது: நாமே எரிப்பதும் கசியவிடுவதும் ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, மூலப்பொருளில் தொடங்கி நம் பொருள் குப்பைக்குப் போவதுவரை மற்றதெல்லாம் ஸ்கோப் 3.

மின்கட்டணமும் டீசல் பில்லும் ஃபைனான்ஸில் கிடைத்துவிட்டன. பாடாய்ப் படுத்தியது ஏசி கேஸ்தான். ஒப்பந்ததாரர் பில்லில் "சர்வீஸ்" என்று ஒற்றை வரி. எத்தனை கிலோ நிரப்பினார் என்பதற்குப் பதிவே இல்லை. ஏசியில் நிரப்பும் குளிர்பதன வாயுவான ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் ஏறக்குறைய 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், விட்டுவிட முடியாது. கடைசியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரின் டைரி காப்பாற்றியது. நிரப்புவதற்கு முன்னும் பின்னும் சிலிண்டரின் எடையைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார், யாரும் கேட்காமலேயே.

ஸ்கோப் 3-இல் 15 வகைகள். பெரிய சப்ளையர்கள் விவரம் அனுப்பினார்கள், சிறியவர்களிடமிருந்து பதில் இல்லை. அவர்களுக்குக் கொடுத்த பணத்தை வைத்து உமிழ்வை மதிப்பிட்டோம். இந்த முறையில் ஒரு கூத்து உண்டு: சுத்தமாக உற்பத்தி செய்பவருக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினால், கணக்கில் நம் உமிழ்வு ஏறிவிடும்!

உண்மையான சண்டை மறு ஆண்டு வந்தது. உற்பத்தி பெருகியிருந்தது. ஒரு டன் பொருளுக்கான உமிழ்வு குறைந்திருந்தது, மொத்த உமிழ்வோ கூடியிருந்தது. முதல் எண்ணை மட்டும் அட்டையில் போடலாம் என்றது மார்க்கெட்டிங். இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்தளவில் வரவேண்டும் என்றேன்; வளிமண்டலத்தில் சேர்வது மொத்தம்தானே. எதிர்பாராத ஆதரவு ஃபைனான்ஸ் தலைவரிடமிருந்து வந்தது: "விற்பனையைக் காட்டிட்டுக் கடனை மறைச்சா ஆடிட்டர் விடுவாரா?"

இரண்டும் அச்சாயின. அதைப் பார்த்த இயக்குநர் குழு, இனி விரிவாக்கத் திட்டம் எதுவானாலும் செலவுக்குப் பக்கத்திலேயே உமிழ்வும் இருக்க வேண்டும் என்றது. முதலில் மாட்டியது புது பாய்லர். இன்று வாங்கினால் இருபது ஆண்டுக்கு மேல் எரியும். எரிவாயு பாய்லர் மலிவு. மின்சார பாய்லரோ ஓட்டும் செலவில் கையைக் கடிக்கும், அதுவும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் உமிழ்விலும் லாபமில்லை. இரண்டுக்கும் விலைப்புள்ளி வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். இன்னும் கையெழுத்தாகவில்லை.