நிலம் போன வழியில் கொடிவழி

இங்கிலாந்தின் இடைக்காலப் பிரபுக் குடும்பங்களின் கொடிவழியைத் திருத்த உட்காருபவர்கள் முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். அச்சான கொடிவழிப் படம் அப்புறம்தான். இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்பதைப் பின்னால் வந்தவர்களின் குடும்பப் பெருமை மாற்றி எழுதிவிடும். ஒரு மேனர், அதாவது ஒரு பிரபுவின் பண்ணை நிலம், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது. அதில் அரசருக்கு வரும்படி இருந்தது.

தவறுகளில் பெரும்பகுதி 1530 முதல் 1688 வரை குலச்சின்ன அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி எழுதிய பட்டியல்களில் தொடங்குகிறது. தகவல் சொன்னவரின் தாத்தா வரைக்கும் அவற்றை ஓரளவு நம்பலாம். அதற்கு மேலே போனால், தகப்பன், மகன், பேரன் மூவருக்கும் ஜான் என்று பெயர் இருந்தால் ஒரு தலைமுறை உதிர்ந்துவிடும். ஒரே ஆள் எழுபது எண்பது ஆண்டுகள் பத்திரங்களில் சாட்சியாக வந்துகொண்டிருந்தால், அங்கே இரண்டு பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

கையில் எடுக்க வேண்டிய முதல் ஆவணம், இன்குவிசிஷன் போஸ்ட் மார்ட்டம். பெயரைக் கேட்டதும் பிணப் பரிசோதனை நினைவுக்கு வரும். இது சொத்து விசாரணை. அரசரிடம் நேரடியாக நிலம் வைத்திருந்தவர் இறந்ததும், அந்தந்த மாவட்டத்தின் எஸ்கீட்டர் என்ற அதிகாரி உள்ளூர் ஜூரிகளைக் கூட்டி விசாரிப்பார். என்ன நிலம், யாரிடமிருந்து பெற்றது, ஆண்டு மதிப்பு என்ன, இறந்த நாள் எது, வாரிசு யார், அவருக்கு என்ன உறவு, என்ன வயது என்று பதிவாகும். மூன்றாம் ஹென்றி காலம் முதல் 17-ஆம் நூற்றாண்டு வரையிலான இந்த ஆவணங்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நான்கு மாவட்டங்களில் நிலம் இருந்தவருக்கு நான்கு விசாரணை இருக்கலாம். ஒன்றைப் படித்துவிட்டு நிறுத்துவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை. நான்கையும் அருகருகே வைத்தால் இறந்த நாளே இரண்டு விதமாக இருக்கும். வாரிசின் வயதும் மாறும்.

வயதை எப்படி எடைபோடுவது? ‘30-ம் அதற்கு மேலும்’ என்றிருந்தால், வயது வந்தவர் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கொடுக்கக்கூடாது. ‘17 வயது, வரும் மைக்கேல்மஸ் திருநாளில் 18’ என்றிருந்தால் கவனிக்க வேண்டும் (மைக்கேல்மஸ் என்பது செப்டம்பர் 29). ஆண் வாரிசுக்கு 21 ஆகும்வரை நிலத்தின் வருமானமும் திருமண உரிமையும் அரசருக்கோ, அவரிடமிருந்து வாங்கியவருக்கோ போகும். பணம் போகிற இடத்தில் வயதைக் கூர்ந்து கேட்டார்கள். பின்னர் வாரிசு நிலத்தைக் கேட்கும்போது நடக்கும் வயது நிரூபணத்தில், ‘அன்றுதான் என் மகனுக்கும் ஞானஸ்நானம்’, ‘அந்த வாரம் என் கால் முறிந்தது’ என்று ஜூரிகள் சொல்லும் நினைவுகள் படிக்க உயிரோட்டமாக இருக்கும். அதே வாக்கியங்கள் வேறு மாவட்டத்திலும் வருவதால், பிறந்த நாளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவைப்பது நல்லது.

அரசரின் ஆட்சியாண்டில் எழுதிய தேதியை நம் ஆண்டுக்கு மாற்றுவதில் ஓராண்டு தவறுவது சர்வசாதாரணம். முதலாம் எட்வர்டின் ஆட்சியாண்டு நவம்பர் 20-இல் தொடங்கும். முதல் ஆண்டு 1272-இல். அவருடைய 30-ஆம் ஆண்டில் மாதாவின் சுத்திகரத் திருநாள், அதாவது பிப்ரவரி 2, எந்த ஆண்டில் வரும்? 1272 உடன் 29-ஐக் கூட்டி 1301 என்று எழுதிவிடுவார்கள். அந்த ஆட்சியாண்டு 1301 நவம்பர் முதல் 1302 நவம்பர் வரை, ஆகவே 1302. ‘திருநாளுக்கு அடுத்த திங்கள்’ என்றிருந்தால் கிழமையையும் கணக்கிட வேண்டும்: 1302-இல் அந்தத் திருநாள் வெள்ளிக்கிழமை, திங்கள் என்பது 5-ஆம் தேதி. ஆண்டைத் தவறவிட்டால் நாளும் தவறும்; கணவன் இறந்த பிறகு பிள்ளை பிறந்ததுபோல் வீண் புதிர்கள் முளைக்கும்.

உறவுச் சொற்களிலும் பொறி உண்டு. நம்மிடம் ‘மருமகன்’ மகளின் கணவனையும் சகோதரியின் மகனையும் குறிப்பதுபோல, லத்தீன் ‘நெபோஸ்’ பேரனாகவும் இருக்கலாம், உடன்பிறந்தாரின் மகனாகவும் இருக்கலாம். ‘கன்சாங்குவினியஸ்’ என்றால் இரத்த உறவினர். விசாரணை ஆவணத்தில் அது பேரனைக் குறிப்பதும் உண்டு. சொல்லை வைத்து முடிவெடுக்காமல், அந்த ஆள் எந்தப் பங்கைப் பெற்றார் என்று பார்க்க வேண்டும்.

பங்கு பொய் சொல்வது அரிது. 1219-இல் இறந்த பெம்புரோக் பிரபு வில்லியம் மார்ஷலின் ஐந்து மகன்களும் ஒருவர்பின் ஒருவராக வாரிசின்றி மறைந்தார்கள். கடைசி இருவர் 1245-இல். சொத்து ஐந்து மகள்களின் வழியில் ஐந்தாகப் பிரிந்தது. சிபில் என்ற மகளுக்கு ஏழு பெண்கள், ஆளுக்கு 35-இல் ஒரு பங்கு. ஈவாவின் பங்கு மூன்று பெண்களுக்குப் போனது, 15-இல் ஒன்று. பிந்தைய ஆவணத்தில் 35-இல் ஒன்று என்று கண்டால் அது சிபிலின் கிளை. பின்னம் ஒத்துவராவிட்டால் ஒரு சகோதரி விடுபட்டிருக்கிறாள், அல்லது ஒருத்தி பிள்ளையின்றி இறந்திருக்கிறாள்.

ஆவணம் எதைச் சொல்லாமல் விட்டது என்பதும் சாட்சியாகும். லூயிஸ் என்ற ஊரின் மடத்தைக் கணவர் வில்லியம் டி வாரனுடன் நிறுவிய குந்த்ரதா, 1085-இல் இறந்தவர், முதலாம் வில்லியம் அரசரின் மகள் என்று நூற்றாண்டுகளாக எழுதிவந்தார்கள். குந்த்ரதாவின் மகன், அந்த அரசரின் மகனான முதலாம் ஹென்றியின் மகளை மணக்கப் பேச்சு எழுந்தபோது, கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம் உறவு நெருக்கத்தைக் காட்டித் தடுத்துக் கடிதம் எழுதினார். பொது மூதாதையரிடமிருந்து ஒரு பக்கம் நான்காம் தலைமுறை, மறுபக்கம் ஆறாம் தலைமுறை என்று எண்ணிச் சொன்னார். குந்த்ரதா ஹென்றியின் சகோதரியாக இருந்திருந்தால் அந்த இருவரும் அத்தை மகன், மாமன் மகள். நமக்கு அது முறை. அந்தத் திருச்சபைக்கு உடனடித் தடை. அவ்வளவு நெருங்கிய உறவு இருந்தால் ஆறாம் தலைமுறைவரை தேட வேண்டிய அவசியமே அவருக்கு வந்திருக்காது. ஆர்டரிக் விட்டாலிஸ் என்ற வரலாற்றாளரும் குந்த்ரதாவை ஃபிளாண்டர்ஸ்காரர் கெர்போடின் சகோதரி என்றே குறிக்கிறார்.

திருத்தத்தைப் பதியும்போது பழைய கூற்றை அழித்துவிடக்கூடாது. அது எங்கிருந்து வந்தது, எந்த ஆவணம் அதை மறுக்கிறது, அந்த ஆவணத்தின் தொடர் எண் என்ன என்று மூன்றையும் அதே பதிவில் எழுத வேண்டும். வெறுமனே நீக்கினால், பழைய நூலைப் புதிதாகக் கண்டெடுத்த ஒருவர் அடுத்த ஆண்டே அந்த அரசமகளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். உறுதியில்லாத தகப்பனுக்குப் புள்ளிக்கோடு போதும். கணவனின் விசாரணை ஆவணம் தொலைந்திருந்தால் விதவையின் பெயரில் தேடிப் பார்க்கலாம். விதவைக்குரிய உரிமையாகக் கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை அவள் ஆயுள்வரை வைத்திருந்திருப்பாள். அவள் இறந்தபோது, முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்தும், கணவனின் வாரிசு யார் என்று ஜூரிகளை மறுபடி கேட்டிருப்பார்கள்.