கீழ்வீட்டு வாடகை: குன்னூர் நாட்குறிப்பு

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

காலையில் நோட்டை எடுத்துக் கணக்கு எழுதினேன். டிசம்பர் வாடகையில் 3,000 வந்தது, 4,000 நிற்கிறது. ஜனவரி 7,000, பிப்ரவரி 7,000. ஆக 18,000. கூட்டிக்கொண்டிருக்கும்போதே கீழே குழந்தை சிரிக்கிற சத்தம். இதுதான் தொல்லை. குடியிருப்பவர் நாலு தெரு தள்ளி இருந்தால் கோபப்படுவது சுலபம். இங்கே அவர்கள் கூரைதான் என் தரை. கடுகு தாளித்தால் எனக்குத் தும்மல் வருகிறது.

அவர் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறார். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "சீசன் வரட்டும்க்கா, மொத்தமா கட்டிடறேன்." சீசன் ஏப்ரலில். என் வங்கிக்கு சீசன் கிடையாது. பின்பக்கத் தடுப்புச் சுவர் சரிந்தபோது வாங்கிய கடனுக்கு மாதம் 10-ஆம் தேதி 5,800 போக வேண்டும். இந்த வாடகையை நம்பித்தான் அந்தக் கடனையே வாங்கினேன். மூன்றாவது மாதமாகக் குடும்பப் பென்ஷனிலிருந்து எடுத்துக் கட்டுகிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து அண்ணன் போன். ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சொன்னார். வக்கீலிடம் கேட்டேன், சிரித்துவிட்டார். இது சிவில் விவகாரமாம்.

"அக்ரிமென்ட் கொண்டு வந்தீங்களாம்மா?"

நீட்டினேன். 2022-இல் 20 ரூபாய் பத்திரத்தில் டைப் அடித்தது. 11 மாதம். அது முடிந்த பிறகு புதுப்பிக்கவே இல்லை. 11 மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாம் என்று ஊரே சொல்கிறது, நானும் நம்பினேன். 2017-இல் கொண்டுவந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறதாம். எத்தனை மாதத்துக்குப் போட்டாலும் எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாமாம். இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

இரண்டு மாத வாடகை நின்றால் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் நோட்டீஸ் கையில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுதும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லி வெளியேற்ற முடியாது. எனக்கு அது போதுமே என்றேன். பணம்தான் வேண்டும், ஆள் போக வேண்டும் என்றில்லை.

"அப்படின்னா முதல்ல உட்கார்ந்து பேசுங்க. கோர்ட்ல முதல் கேள்வியே பதிவு எங்கேன்னுதான் வரும்." கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "தண்ணி, கரண்ட் மேல மட்டும் கை வைக்காதீங்க. அது சட்டப்படி தப்பு." நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. முகத்தில் தெரிந்ததோ என்னவோ.

மார்ச் 12, புதன்

பாக்கி 25,000. அவர் கொடுத்த அட்வான்ஸே 21,000தான்.

எங்கள் தெருவுக்குப் பன்னிரண்டு நாள் கழித்து இன்று தண்ணீர் விட்டார்கள். ரேலியா அணையைப் பார்த்துக்கொண்டே கோடையைத் தள்ளுகிற ஊர் இது. மேட்டில் இருக்கும் சின்டெக்ஸிலிருந்து கீழ்வீட்டுக்குப் போகிற குழாயில், பேரி மரத்தடியில், ஒரு கேட் வால்வு உண்டு. சாயங்காலம் சால்வையைப் போர்த்திக்கொண்டு போனேன். சிவப்புச் சக்கரம் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருப்பினேன். மூன்றரைச் சுற்று. உள்ளங்கையெல்லாம் துரு.

மேலே வந்து உட்கார்ந்தேன். கீழே குழாய் இருமுகிற சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. குடத்தைத் தரையில் வைக்கிறார்கள். பிறகு பேச்சே இல்லை. மேலே வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன், எல்லாவற்றையும் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. 25,000 பாக்கி வைத்துக்கொண்டு தண்ணீர் ஏன் வரவில்லை என்று எந்த வாயால் கேட்பார்கள்?

நாற்பது நிமிஷம். டார்ச் எடுத்துக்கொண்டு போய்த் திறந்துவிட்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை. வக்கீலிடமும் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மார்ச் கடைசியில் 4,000 கொடுத்தார். இந்த மாதம் சேர்த்து 28,000.

உட்கார்ந்து பேசினோம். இப்போது புதுக் காரணம் இ-பாஸ். ஹைகோர்ட் உத்தரவுப்படி இந்த மாதம் முதல் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000, அதற்கு மேல் விடுவதில்லை. வெளி வண்டி குறைந்தால் உள்ளூர் டாக்ஸிக்கு நல்லதுதானே தம்பி என்று கேட்டேன். மடக்கிவிட்டதாக நினைப்பு எனக்கு. "நம்ம வண்டிக்குத் தடையில்லக்கா. மேல வர ஆளே குறைஞ்சா நான் யாரை ஏத்தறது?" என்றார். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. போனை எடுத்துக் காட்டினார். வண்டிக் கடன் மாதம் 11,200, இரண்டு தவணை தவறியிருக்கிறது. அவருக்கு வண்டி டியூ, எனக்குச் சுவர் டியூ.

மே 15-க்குள் 10,000 என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவர் மனைவி டீ கொண்டு வந்தாள். குடித்தேன்.

மே 11, ஞாயிறு

12,000! சொன்னதைவிட 2,000 கூட. எல்லாம் நூறும் இருநூறுமாக, ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. கோத்தகிரி நேரு பூங்காக் காய்கறிக் கண்காட்சிக்கு நாலு சவாரி கிடைத்ததாம். இந்த மாத வாடகை சேர்த்து, கழித்து, மீதி 23,000. மலர்க் கண்காட்சி இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும் நம்பிக்கை வந்தது.

மே 26, திங்கள்

நேற்றும் இன்றும் ரெட் அலர்ட். சுற்றுலா இடங்களை மூடிவிட்டார்கள். டாக்ஸி வாசலிலேயே நிற்கிறது.

தடுப்புச் சுவரில் நீர் வடிகிற ஓட்டைகளில் ஒன்று அடைத்துக்கொண்டது. சுவர் விம்முகிற மாதிரி எனக்குத் தோன்றி, உயிரே போய்விட்டது. அவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து கம்பியால் குத்தி எடுத்தார். சேறும் வேரும் கொட்டி, செந்நிறத் தண்ணீர் சீறி அடித்தது. இவரிடம் வாடகையை எப்படிக் கேட்பது? கேட்கத்தான் வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

அவரே வந்து சொன்னார். வண்டியைக் கொடுத்துவிட்டாராம். மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி லாரிக்கு டிரைவர் வேலை, மாதச் சம்பளம். மாதக் கடைசியில் காலி செய்கிறார்கள். ஜூன் சேர்த்து 30,000, அட்வான்ஸ் 21,000 போக 9,000 தர வேண்டும். மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

ஜூன் 30, திங்கள்

பெயின்ட் செலவையும் பிடிக்கச் சொல்லி அண்ணன். வடக்குச் சுவர் பூராவும் பூஞ்சை, உண்மைதான். ஆனால் அது குன்னூர் ஈரம், யார் குடியிருந்தாலும் வரும். அதனால் பிடித்தம் செய்யவில்லை. 3,000 கொடுத்தார். 6,000 நிற்கிறது. குழந்தை மட்டும் டாட்டா காட்டியது.

ஜூலை 20, ஞாயிறு

போன வாரம் ஜிபேயில் 1,000 வந்தது. இன்னும் 5,000.

இன்று வீடு பார்க்க ஒருவர் வந்தார், அரசு வேலை. வாடகை, மூன்று மாத அட்வான்ஸ் எல்லாம் சரி என்றார். அக்ரிமென்ட்டை ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், ஆதார் நகல் கொடுங்கள் என்றேன்.

"எதுக்கும்மா அதெல்லாம்? 11 மாசத்துக்குப் போட்டுக்கலாமே" என்கிறார்.