சேவை செய்யணும், சரி, அப்புறம்?

எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுநிலைப் படிப்பின் சேர்க்கை நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏன் தம்பி இந்தப் படிப்பு?" முந்தின நாள் இரவு முழுக்க உருப்போட்டிருந்த பதிலைச் சொன்னேன். சமூக நீதியில் ஆர்வம், ஏழைகளுக்குச் சேவை, காந்தி, அம்பேத்கர், பெரியார் என்று எல்லாரையும் ஒரே மூச்சில் இழுத்துவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பேராசிரியை என் மதிப்பெண் பட்டியலைப் புரட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் "சரி, அப்புறம்?" என்றார். அப்புறம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இடம் கிடைத்துவிட்டது. அந்த வருடம் விண்ணப்பித்தவர்கள் குறைவு என்பதுதான் காரணமாக இருக்கும். இப்போது படிப்பு முடிந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து இந்த வருடம் சேரப் போகிறவர்கள் சிலர் என்ன படிக்கணும், எப்படித் தயாராகணும் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நேர்காணலில் நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. காங்கேயம் பக்கம் எங்களுக்குத் தோட்டம் உண்டு. தாத்தா காலத்திலிருந்து அங்கே வேலைக்கு வந்த ஒரு பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எட்டு வயதில் நான் அவரைப் பேர் சொல்லி, "வாடா" என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைச் "சாமி" என்பார். மாட்டுக்கொட்டகை எறவாரத்தில் அவருக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் செருகியிருக்கும். அவரே எடுத்துக் காட்டுவார், அம்மா மேலேயிருந்து காபி ஊற்றுவார். குடித்து, கழுவி, திரும்பச் செருகிவிட்டுப் போவார். அந்த டம்ளரை நான் ஒரு நாளும் கையால் தொட்டதில்லை. ஏன் தொடவில்லை என்ற கேள்வி கல்லூரி வந்த பிறகுதான் எனக்கு வந்தது. "ஏன் இந்தப் படிப்பு?" என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே உண்மையான பதில் அதுதான். சொல்ல வெட்கமாக இருந்ததால் காந்தியைக் கூப்பிட்டேன். உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

தேர்வுத் தாளிலும் இதே கதைதான். முதல் பருவத்தில் சமூக நீதி பற்றிப் பெரிய கேள்வி வந்தது. நான்கு பக்கம் பொங்கி எழுதினேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தபோது அதில் ஒரு வருடமோ ஒரு சட்டமோ இல்லை, பூராவும் என் கோபம்தான். அப்புறம் முறையை மாற்றிக்கொண்டேன். சாதி, மதவாரியாக இடம் ஒதுக்கிய சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணையை நீதிமன்றம் செல்லாது என்றது, அதைத் தொடர்ந்து 1951-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் பிரிவு 15(4) அப்படிச் சேர்ந்ததுதான். தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டைக் காக்க, அந்தச் சட்டத்தை 1994-இல் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தார்கள். 2009-இல் பட்டியலினத்தாருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு. அப்படி உட்பிரிவு செய்யலாம் என்று 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 6:1 என்று தீர்ப்புச் சொன்னது. இப்படி ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வந்தது என்று எழுதினால் திருத்துகிறவருக்கும் பிடி கிடைக்கும். எனக்கு இது மறக்காததற்குக் காரணம் வேறு: அந்த டம்ளர்காரரின் பேத்தி அந்த 3 சதவீதத்தில்தான் நர்சிங் சேர்ந்தாள்.

நுழைவுத் தேர்வு பற்றியும் கேட்கிறார்கள். மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) போக ஆசை இருந்தால், 2024 முதல் சமூகப்பணி முதுநிலைச் சேர்க்கை க்யூட் பி.ஜி. என்கிற தேசியப் பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான். அதில் தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான நெட்டில் குறைக்க மாட்டார்கள், அதனால் அங்கே ஒரு கேள்வியையும் விடாதீர்கள். நெட்டில் சமூகப்பணிப் பாடத்துக்கு எண் 10. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, சேர்ந்து மூன்று மணி நேரம். இதற்கெல்லாம் பழைய வினாத்தாள்களே போதும், கோச்சிங்குக்குப் பணம் கட்டாதீர்கள்.

நிஜமான பாடம் களப்பணியில்தான். எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள். எனக்குத் திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக வேலை செய்கிற ஒரு சின்ன அமைப்பு கிடைத்தது. வியாழனும் வெள்ளியும் காலை ரயிலில் போய் இருட்டிய பிறகு கோவை திரும்புவேன்.

அங்கே ஒரு லைன் வீட்டு வாசற்படியில்தான் அந்தப் பையனைப் பார்த்தேன். ஒன்பது வயது, ஒடிசாக்காரன். மடியில் பனியன் கட்டு, கையில் சின்னக் கத்தரி, பிசிறு வெட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கட்டிங் வேஸ்ட் குவியல் மேல் இரண்டரை வயதுத் தங்கச்சி தூங்கிக்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். ஊரில் இரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறான். அவன் கத்தரி பிடித்த லாவகத்தைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. நேராகப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

தலைமை ஆசிரியை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க தம்பி, டி.சி. இல்லாம, ஆதார் இல்லாம நான் எப்படிங்க சேர்க்கறது? எமிஸ்ல என்னத்தைங்க ஏத்தறது?" என்றார். எமிஸ் என்பது மாணவர் விவரங்களைப் பதிகிற பள்ளிக் கல்வித் துறையின் கணினித் தளம். நான் உடனே உரிமை, அநீதி, வெளிமாநிலத்தவர் என்றால் உங்களுக்கு இளக்காரம் என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "நீங்க கிளம்புங்க தம்பி, எனக்கு வகுப்பு இருக்குது." அவ்வளவுதான். அன்றிரவு களப்பணி அறிக்கையில் அவரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன், கோபத்தோடு.

அடுத்த வாரம் தனிக் கலந்தாய்வில் எங்கள் மேற்பார்வை ஆசிரியர் அந்த ஒன்றரைப் பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். "கல்வி உரிமைச் சட்டத்துல எந்தப் பிரிவுன்னு சொன்னே?" எனக்குத் தெரியாது. "அந்தப் பையனோட அம்மாகிட்டப் பேசினியா?" பேசவில்லை.

சட்டத்தின் மூலத்தைப் படியுங்கள் என்று எல்லாரும்தான் சொல்வார்கள். நான் சொல்வது, சின்னதாக இருக்கிறதே என்று அலட்சியம் செய்யாதீர்கள் என்பது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தை ஒரு மாலையில் படித்துவிடலாம். பிரிவு 4: வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். பிரிவு 5: டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. ஆதாரைப் பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டாயமாக்கக் கூடாது என்பது 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அம்மாவிடம் பேச ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். பனியன் கம்பெனியில் தமிழ் பழகிய பக்கத்து வீட்டு ஒடியாப் பெண் மொழிபெயர்த்தாள். அந்தம்மாவுக்குப் பையனைப் பள்ளிக்கு அனுப்ப ஆசைதான். அவன் போய்விட்டால் சின்னதை யார் பார்த்துக்கொள்வது? நான் கேட்கவே கேட்காத கேள்வி இது. தெருக்கோடியில் அங்கன்வாடி இருந்தது. அது பள்ளிக்கூடத்துக்கு முன்பே விட்டுவிடும். அந்த இடைப்பட்ட நேரத்துக்கு லைன் வீட்டிலேயே இருந்த ஒரு பாட்டி, "உட்டுட்டுப் போகச் சொல்லு கண்ணு, எனக்கென்ன வேலை" என்றார். அதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது.

மறுபடி தலைமை ஆசிரியையிடம் போனபோது முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிரிவுகளின் நகலை அவர் கேட்ட பிறகுதான் பையிலிருந்து எடுத்தேன். அவருடைய கவலை வேறாக இருந்தது. போன வருடம் இப்படிச் சேர்த்த மூன்று பிள்ளைகள் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை, இடைநிற்றல் கணக்குக்கு அவர்தான் பதில் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமைதோறும் நான் வந்து வருகையைப் பார்க்கிறேன், ஊருக்குக் கிளம்பினால் முன்கூட்டியே சொல்ல வைக்கிறேன் என்றேன். பையன் நான்காம் வகுப்பில் சேர்ந்தான். பள்ளி விட்ட பிறகு பிசிறு வெட்டினானா என்று கேட்டால், முதல் மாதம் வெட்டினான். நிறுத்த வைக்க இன்னும் நாலு ஞாயிறு ஆனது.

களப்பணி அறிக்கையை அன்றன்றைக்கே எழுதுங்கள். நான் ரயிலிலேயே குறிப்பெடுத்துவிடுவேன். சோமனூர் தாண்டுவதற்குள் அன்று யார் என்ன சொன்னார்கள் என்பதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதி முடித்தாக வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்திருந்தேன். "குடும்பச் சூழல் பாதிக்கப்பட்டுள்ளது" என்று எழுதினால் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மாட்டிக்கொள்வீர்கள். "சின்னதை யார் பார்த்துக்கறது?" என்று எழுதியிருந்தால் பேச விஷயம் இருக்கும்.

சமூகப்பணியாளர் உதவி கேட்டு வருகிறவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பீஸ்டெக் வகுத்த ஏழு கோட்பாடுகள் எல்லாத் தேர்விலும் வரும். எனக்கு ஆறு எழுதிவிட்டு ஏழாவது எப்போதும் விட்டுப்போகும். கட்டுப்படுத்திய உணர்ச்சி ஈடுபாடு, அதாவது அக்கறை இருந்தாலும் உணர்ச்சியை அடக்கி வைப்பது, மட்டும் மறக்கவே மறக்காது, அந்த ஆசிரியையின் முகம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் அறிக்கையை நிதானமாகப் புரட்டினார். "இந்தப் பையன் இப்ப எங்கே?" என்றார். பொங்கலுக்கு அப்புறம் குடும்பம் கரூர் பக்கம் போய்விட்டது என்றேன். "டி.சி.?" போகிற நாளன்றே தலைமை ஆசிரியை கையில் கொடுத்துவிட்டார், பின்னிணைப்பில் நகல் இருக்கிறது என்றேன். கேட்டால் டி.சி.யை உடனே தர வேண்டும் என்பதும் பிரிவு 5-தான். அவர் பின்னால் திருப்பிப் பார்த்தார். பையன் பெயர், அப்பா பெயர், பள்ளிப் பெயர் மூன்றையும் கறுப்பு ஸ்கெட்ச்சால் அடித்திருந்தேன்.

"இதை ஏன் அடிச்சிருக்கீங்க?"

"ரகசியம் காக்கணும்ல மேடம்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, தேர்வில் நான் எப்போதும் விட்டுவிடுகிற ஏழாவது அதுதான்.